வண்டிமடத்துக் கூடையம்மா

ஸவாஹிராவுக்குக் கோணல் என்றால் ஆகாது. அடுப்பில் சட்டி கோணி உட்கார்ந்தால் அதோடு சண்டை பிடிப்பாள். புருஷன் ஷுக்ரி தொப்பியைக் கொஞ்சம் சரித்துப் போட்டுக்கொண்டு கடைக்கு இறங்கினால், பாதிப் படியில் நிறுத்தி நேராக்கி அனுப்புவாள். இப்படிப்பட்டவள் கல்யாணமாகி வந்து குடியேறிய மாடியறை ஜன்னலுக்கு நேர் எதிரே, பதுளைப் பட்டணத்திலேயே மிகவும் கோணலான கட்டடம் நின்றுகொண்டிருந்தது.

அதற்கு வண்டிமடம் என்று பேர். தேயிலைக்கு முந்திய கோப்பித் தோட்டக் காலத்தில் மாட்டு வண்டிக்காரர்கள் படுத்து எழும்பிப் போவதற்கென்று யாரோ ஒரு புண்ணியவான் கட்டிவைத்தது. மூன்று பக்கம் சுவர், ரோட்டுப் பக்கம் திறப்பு, கருங்கல் தூண்கள், மேலே நாட்டு ஓடு. வண்டிகள் போய் லொறிகள் வந்த பிறகு மடத்தை யாரும் கவனிக்கவில்லை. இடப்பக்கக் கூரை தொங்கிப்போனது. சுவரெல்லாம் பழைய அடுப்புக் கரி, வெற்றிலை எச்சில், தேர்தல் நோட்டீஸ், அதற்கு மேல் சினிமா நோட்டீஸ். ஆனாலும் மடுல்சீமைப் பஸ் அதன் முன்னால்தான் நிற்கும். மாதச் சம்பளத்தை அடுத்து வரும் ஞாயிறு, தோட்டத்துச் சனமெல்லாம் சாமான் மூட்டைகளோடு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் அங்கே, புதுச் செருப்பைக் கழற்றிப் பார்த்துச் சந்தோஷப்படுவதும் அங்கே, வாங்கிய கருவாட்டை முகர்ந்து பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று புலம்புவதும் அங்கேதான்.

ஸவாஹிரா பண்டாரவளைப் பிடவைக் கடைக்காரர் ஒருவரின் மகள். ஷுக்ரிக்குக் கீழே கடை, மேலே வீடு. சுண்ணாம்பு, காவி, வர்ணப்பொடி, ஆணி, கயிறு என்று விற்கிற கடை. கீழ்த்தளத்தில் ஈரம் ஏறுவதால் வர்ணப்பொடி டின்கள் எல்லாம் மாடியறையில்தான் அடுக்கியிருக்கும். அவள் தூங்கியதும், பிள்ளை பெற்றதும், தொழுததும் மஞ்சள், பச்சை, நீலப் பொடிகளின் வாசத்துக்கு நடுவேதான். ஒரே மகளை மொனராகலையில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டுக்குப் படி கடைக்குள்ளே இருந்தது. கடையோ எந்நேரமும் ஆண்கள் நிறைந்தது. அதனால் ஸவாஹிரா கீழே இறங்குவது பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் என்று ஆகிப்போனது. ஷுக்ரி கெட்டவர் இல்லை. அவள் ஏன் இறங்குவதில்லை என்று அவர் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இறங்காவிட்டால் என்ன? ஜன்னல் இருந்தது. பாதி ஜன்னலுக்குத் திரை, மீதிப் பாதிக்கு ஸவாஹிராவின் கண்கள். திரைக்குக் கீழே ஒரு கயிறு, கயிற்றில் ஒரு பிரம்புக் கூடை. கீரைக்காரன் வந்தால் கூடை இறங்கும்.

ஒரு சம்பள ஞாயிறு, தோட்டத்துப் பெண் ஒருத்தி நடுரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்து, "யம்மா, அந்தக் கூடையில கொஞ்சம் தண்ணி எறக்குவீங்களா? புள்ள விக்குது" என்றாள்.

"கூடையில தண்ணி எறக்கினா ரோட்டுக்குத்தான் வரும். செம்புல எறக்குறேன், நில்லு" என்றாள் ஸவாஹிரா.

அவள்தான் ஜெயலெட்சுமி. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். அன்று தொடங்கிய சிநேகம் பதினேழு பதினெட்டு வருஷம் ஓடியது. மாதம் தவறாமல் ஜெயலெட்சுமி மடத்தில் மூட்டையை இறக்கியதும் ஜன்னலுக்குக் கீழே வந்து, "முதலாளியம்மா!" என்று ஒரு குரல் கொடுப்பாள். தொண்டை என்றால் தொண்டை. மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. கூடையில் பலாக்கொட்டை ஏறும், தேங்காய் ரொட்டி இறங்கும். மருமகள் சரியில்லாத கதை ஏறும், மருமகன் சரியில்லாத கதை இறங்கும். ரோட்டில் போகிற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டுதான் போவார்கள். பதுளையில் அந்த இரண்டு குடும்பத்துக்கும் இரகசியம் என்று ஒன்று மிஞ்சவில்லை.

"மேல வந்துட்டுத்தான் போயேன், ஜெயா."

"நாங்க காடு மேடு மிதிச்ச காலுங்க. ஒங்க சிமிந்தித் தரைக்கு ஒத்துவராது. நீங்க எறங்கி வாங்களேன்."

"நான் வந்து மடத்துல குந்தினா ஊரு என்னத்த பேசும்?"

அதற்குள் பஸ் வரும்; ஜெயலெட்சுமி ஓடுவாள். இத்தனை வருஷத்தில் இருவரும் ஒருநாளாவது ஒரே தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. ஜெயலெட்சுமி கண்டதெல்லாம் திரைக்கு மேலே இரண்டு கண்களும் கயிற்றைப் பிடித்த விரல்களும்தான்.

எழுபத்திரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் ஷுக்ரி மௌத்தானார். மார்பைப் பிடித்துக்கொண்டு கல்லாவில் சாய்ந்தவர் எழும்பவில்லை. செய்தி எப்படி எட்டியதோ, மறுநாள் தோட்டத்துப் பெண்கள் ஒரு கும்பலாக வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று மாரில் அடித்து ஒப்பாரி எடுத்துவிட்டார்கள். அவர்கள் முறை அது. ஷுக்ரியின் தம்பி ஸமீம் பதறியடித்து ஓடி வந்தார். "எங்கடவங்க மையத்துக்கு இப்பிடி அழுறல்ல. நிப்பாட்டுங்க" என்றார். ஜெயலெட்சுமி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். பிறகு அத்தனை பேரும் சத்தமில்லாமல் மழையில் நின்றார்கள். பஸ் வந்தது, போனது. அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். மாடியில் வெள்ளைத் துணிக்குள் உட்கார்ந்திருந்த ஸவாஹிராவுக்கு, உள்ளே வந்து குர்ஆன் ஓதிய உறவுப் பெண்களைவிட அந்த மழைச் சத்தம்தான் அதிகம் ஆறுதலாக இருந்தது.

அவள் இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்நிய ஆண் முகம் பார்க்கக்கூடாது. துணைக்கு அவளுடைய உம்மாவின் தங்கை, ரஹ்மத்தும்மா சாச்சி வந்து தங்கினாள். வெற்றிலை மெல்லும் நேரம் போக மீதி நேரம் குறட்டை விடுவாள். இரண்டுக்கும் இடையில் ஊர்க்கதை கேட்பாள். கடையை ஸமீம் எடுத்து நடத்தினார். மதினியிடம் ஏதாவது சொல்வதென்றால் படியில் பாதியில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசுவார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் ரோட்டு வேலைக் கந்தோர் என்ற அரசாங்க ஆபீசிலிருந்து ஓவர்சியர் கூலியாட்களோடு வந்து, மடத்துத் தூண்களில் சிவப்பு மையால் குறி போட்டார். ரோட்டை அகலமாக்கப் போகிறார்களாம். இதில் யார் இருக்கிறார், வெறும் பாழ் கட்டடம், தள்ளிவிடலாம் என்று அவர் சிங்களத்தில் சொன்னது ஜன்னல்வரை கேட்டது. பஸ் இனிமேல் மார்க்கெட் பக்கம் போய் நிற்குமாம்.

மார்க்கெட் பட்டணத்தின் மறுகோடியில். ஸவாஹிரா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மடம் போனால் பஸ் போகும், பஸ் போனால் ஜெயலெட்சுமி போவாள். புருஷனும் இல்லை, மகளும் தூரத்தில். பிறகு இந்த ஜன்னலைத் திறந்து வைத்து எதைப் பார்ப்பது? லொறியையா?

"தம்பி, அந்தக் கந்தோருல ஒரு வார்த்த பேசிப் பாக்க ஏலாதா?" என்று படியை நோக்கிக் கேட்டாள்.

"என்னத்துக்கு மதினி? ரோடு பெருத்தா லொறி கடை வாசலுக்கே வரும். நமக்கு நல்லந்தானே" என்றார் ஸமீம் சுவரிடம்.

நமக்கு நல்லம். ஸவாஹிராவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும். பாழ் என்றுதானே இடிக்கிறார்கள்? பாழாக இல்லாவிட்டால்?

சம்பள ஞாயிறு வந்தது. ஜெயலெட்சுமி குரல் கொடுப்பதற்கு முன்னாலேயே கூடை இறங்கிவிட்டது. உள்ளே ஒரு டின் காவி, ஒரு டின் நீலம், பெரிய பொட்டலம் சுண்ணாம்பு.

"என்னங்க இது?"

"மடத்த இடிக்கப் போறாங்க, ஜெயா. ஆளில்லாத எடமாம். ஆள் இருக்குன்னு காட்டுங்க. சுவரக் கழுவி, சுண்ணாம்பு பூசி, ஒங்க இஷ்டத்துக்குப் படம் போடுங்க. தீவாளிக்கு ஒங்க லயத்து வீட்டுச் சுவருல போடுவீங்களே, அது மாதிரி. கஞ்சியில கரைங்க, அப்பத்தான் ஒட்டும்."

ரஹ்மத்தும்மா குறட்டையை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "இத்தாவுல ஈக்கிற பொம்புள செய்ற வேலயா இது? உருவப் படம் கீறுறது நமக்கு ஆகுமா?"

"நான் எங்க சாச்சி கீறுறேன்? பொடிதானே குடுக்கிறேன்."

ரஹ்மத்தும்மா இதை யோசித்துப் பார்த்தாள். குற்றம் எங்கே என்று பிடிபடவில்லை. ஜன்னலுக்கு மற்றப் பக்கம் ஒரு பாயைப் போட்டு அவளும் உட்கார்ந்துகொண்டாள். இலவசமாக இப்படியொரு வேடிக்கை எங்கே கிடைக்கும்?

ஜெயலெட்சுமி வேலையைத் தொடங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். கொழுந்து மலையில் கங்காணி ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார். தன் நிரையை விட்டு இன்னொருத்தி நிரையில் கைவைப்பது அங்கே பெரிய குற்றம். அதே கணக்கில் அவள் மடத்துச் சுவரைக் கரிக்கட்டியால் கோடு போட்டு நிரை பிரித்துவிட்டாள். ஒரு பெண்ணுக்கு ஒரு நிரை. எவளும் கோட்டைத் தாண்டக்கூடாது.

சுவர் விழித்துக்கொண்டது. ஒருத்தி தேயிலைச் செடி போட்டாள். ஒருத்தி பேக்டரி போட்டாள், புகையோடு. ஒருத்தி தன் வாழ்நாள் எதிரியான அட்டையை ஆளுயரத்துக்குப் போட்டு, அதன் வாயில் சிவப்பு வைத்தாள். மாரியாயி என்ற ஒருத்திக்குக் கோழி மட்டும்தான் வரும். நிரை முழுக்கக் கோழி. ஜெயலெட்சுமி துரையைக் குதிரைமேல் ஏற்றினாள்.

"ஏய் ஜெயா! குதிரைக்கு மூணு காலுதான் இருக்கு!" என்றது ஜன்னல்.

"தெரியுங்க. நாலாவது காலு மாரியாயி நிரைக்குப் போயிருச்சு. அதுல நான் கை வைக்க முடியுங்களா?"

"அப்ப மாரியாயிய போடச் சொல்லு."

"அவளுக்குக் கோழிதாங்க வரும்."

கோணலைப் பொறுக்காத ஸவாஹிரா இதையும் பொறுத்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஷுக்ரி போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டோமே என்று உடனே அழுகையும் வந்தது. தொங்கிய கூரைக்கு பக்கத்துக் கடை தர்மலிங்கம் மரம் கொடுத்தார், ரொட்டிக் கடைச் சிங்களவர் ஏணி கொடுத்தார். இரண்டே சம்பள ஞாயிறுகளில் மடம் கல்யாண வீடு போலாகிவிட்டது. பஸ்ஸுக்கு நிற்காதவர்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜன்னலிலிருந்து நடுச்சுவர் தெரியும், வலப்பக்கச் சுவரும் தெரியும். இடப்பக்கச் சுவரின் உள்பக்கம் தெரியாது. அங்கேதான் ஜெயலெட்சுமி ஒரு வேலை செய்தாள். அத்தனை வர்ணமும் கொடுத்த முதலாளியம்மாவுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மரியாதை செய்ய நினைத்தாள். உயரத்தில் ஒரு ஜன்னல், ஜன்னலில் வெள்ளை உடுத்திய ஒரு பெண், அவள் கையிலிருந்து கயிற்றில் இறங்கும் கூடை. முகம் அவளுக்குத் தெரியாதே! கண்களை மட்டும் பெரிதாக, சரியாகப் போட்டாள். மீதியைத் தனக்குத் தெரிந்த முகம் மாதிரிப் போட்டுவிட்டாள். அதாவது மூக்குத்தி வைத்தாள், நெற்றியில் குங்குமப் பொட்டு வைத்தாள், பொட்டைச் சுற்றி அழகுக்கு ஒரு மஞ்சள் வட்டமும் வைத்தாள்.

தோட்டத்துச் சனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுக்கு வேலை செய்கிற இடத்திலெல்லாம் சாமி இருக்கிறது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்திக்கு ஒரு சாமி, பேக்டரிச் சக்கரத்துக்கு ஒரு முனி, கொழுந்துக்கு ஒரு சாமி. பட்டணத்துக்கு வந்தால் மட்டும் ஒன்றுமில்லாமல் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஹல்துமுல்லைப் பக்கமிருந்து காய்ச்சல் பிள்ளையோடு வந்த ஒருத்தி மடத்தில் ஒதுங்கினாள். வெள்ளைச் சேலை, பெரிய கண், மேலேயிருந்து இறங்கி வரும் கூடை எல்லாவற்றையும் பார்த்தாள். இது யாரென்று கேட்க அங்கே ஆளில்லை. முடிச்சிலிருந்த கற்பூரத்தை எடுத்துக் கொளுத்திவிட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. போதாதா? அடுத்த வாரமே எலுமிச்சம்பழம் வந்தது, செவ்வரளி வந்தது, மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை வந்தது. கூடையம்மா என்று பேரும் வந்தது.

ஓவர்சியரின் ஆட்கள் கடப்பாரையோடு வந்தபோது முன்னால் வந்தவன் வீரய்யா. கூலியாட்களுக்குத் தலைவன், ஷுக்ரி கடையில் கயிறு வாங்கும் பழைய வாடிக்கை. உள்ளே போனான், இடப்பக்கம் திரும்பினான், கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான்.

"நாங்க புள்ளகுட்டிக்காரங்க ஐயா. சாமி இருக்கிற எடத்துல கை வைக்க மாட்டோம்" என்றான். ஓவர்சியர் கத்திப் பார்த்தார்; மிரட்டிப் பார்த்தார். சிங்கள ஆட்களும் கடப்பாரையைத் தொடவில்லை. எல்லோரும் வந்த வழியே போனார்கள்.

காரணம் தெரியாத ஸவாஹிரா மாடியில் அல்லாஹ்வுக்கு நன்றி என்று ஷுக்ர் சொல்லித் தொழுதாள். காரணத்தை ரொட்டிக்காரரிடம் கேட்டு அறிந்து, மூச்சு வாங்கப் படியேறி வந்தவள் ரஹ்மத்தும்மா.

"புள்ள, அங்க கும்புடுறது வேற யாரையுமில்ல. ஒன்னயத்தான்!"

ஸவாஹிரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லாஹ்" என்றாள்.

அன்று மாலை ஸமீம் படியில் பாதிக்கு மேலேயே ஏறி வந்துவிட்டார். பள்ளிவாசலில் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். "அத அழிக்கச் சொல்லுங்க மதினி. இல்லாட்டி நானே சுரண்டுறேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் ஸவாஹிராவுக்குப் பெரிய துன்பமாக இருந்தது. படத்தை அழித்தால் மடம் போகும். அழிக்காவிட்டால், படைத்தவனுக்கு மட்டும் குனிய வேண்டிய தலைகள் தன் பேரில் குனிகின்றன என்று தினமும் தெரிந்துகொண்டு தொழ வேண்டும்.

அடுத்த சம்பள ஞாயிறு ஜன்னலில் அவள் குரல் வழக்கம்போல் இல்லை.

"ஜெயா, அந்த முகத்த அழிச்சிரு."

ஜெயலெட்சுமியின் முகம் சுருங்கியது. "ஆசையாப் போட்டேங்க. கும்புட்டுட்டாங்க. கும்புட்டத அழிச்சா குத்தமுங்க. அதுவுமில்லாம அந்தச் சாமிதானே மடத்தக் காப்பாத்துது?"

"நான் சாமி இல்ல. அப்பிடிச் சொல்றது எங்களுக்குப் பெரிய பாவம்."

"ஒங்களத் தெய்வமா நெனச்சதுக்கு இப்பிடிக் கோவிக்கிறீங்களே!"

"தெய்வமா நெனச்சா மேலயே வச்சுருவீங்க. நான் ஏற்கனவே மேலதானடி இருக்கேன்! இன்னும் எவ்வளவு மேல அனுப்புவ?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே தான் சொன்னது புரிந்தது. ஜெயலெட்சுமிக்குப் புரிந்ததோ இல்லையோ, மூட்டையைத் தூக்கிக்கொண்டு மடத்துக்குள் போய்விட்டாள். ரொட்டியோடு இறங்கிய கூடை அப்படியே ஏறியது. பஸ் போகும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த சம்பளத்துக்கு வரவுமில்லை. அந்த மாதம் ஸவாஹிராவுக்குச் சட்டியோடு சண்டை போடவும் மனம் வரவில்லை.

இத்தா முடிந்தது. குளித்து, பச்சைச் சேலை உடுத்தினாள். வந்த ஞாயிறு சம்பள ஞாயிறு. விடியலிலேயே எழுந்து தேங்காய் ரொட்டி சுட்டாள், மிளகாய் போட்டுக் கட்டச் சம்பல் இடித்தாள், இரண்டையும் ஒரு துணியில் கட்டினாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எங்க புள்ள?" என்றாள் ரஹ்மத்தும்மா.

"முன்னுக்கு."

"முன்னுக்குன்னா?"

"மடத்துக்கு, சாச்சி."

ரஹ்மத்தும்மாவின் வாயிலிருந்த வெற்றிலை அப்படியே நின்றது. ஸவாஹிரா படியிறங்கினாள். கடையில் இருந்த ஆண்கள் விலகினார்கள். ஸமீம் எடை போடுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். ரோட்டைத் தாண்ட அவளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. இவ்வளவு கிட்டவா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மடத்துக்குள் சுண்ணாம்பு மணமும் கற்பூர மணமும் வந்தன. இடப்பக்கம் திரும்பினாள். மூக்குத்தியோடும் பொட்டோடும் ஒருத்தி மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் மட்டும் அவளுடையவைதான். இத்தனை வருஷமாக ஜெயலெட்சுமி எவ்வளவு கவனமாக அண்ணாந்து பார்த்திருக்கிறாள் என்பது அந்தக் கண்களில் தெரிந்தது. ஸவாஹிரா கோபப்படத் தயாராக வந்திருந்தாள், கோபம் வரவில்லை.

பஸ் வந்தது. மூட்டைகளோடு இறங்கிய பெண்கள், கல் திண்டில் பச்சைச் சேலையில் யாரோ ஒருத்தி ரொட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள். ஜெயலெட்சுமி எல்லோருக்கும் பின்னால் வந்தாள். முகத்தைப் பார்த்தாள், தெரியவில்லை. கண்களைப் பார்த்தாள்.

"முதலாளியம்மா!" என்றபடி மூட்டையைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு நேரம் பார்த்துக்கிட்டு நிப்ப? குந்து. ரொட்டி ஆறுது."

ஜெயலெட்சுமி உட்கார்ந்தாள். பக்கத்தில், ஒரே கல்லில். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டவள், முதலாளியம்மாவின் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். "அடியே, இவங்களுக்கு மூக்குத்தியே இல்லடி!" என்றாள் மற்றப் பெண்களிடம். எல்லோரும் கிட்ட வந்து பார்த்தார்கள். சம்பல் காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மாரியாயியின் கோழிகளுக்குக் கால் ரொம்ப நீளம் என்று குறை சொல்லிக்கொண்டிருந்த அந்த மனுஷியிடம் கற்பூரம் கொளுத்தும் எண்ணம் யாருக்கும் வரவில்லை.

ஜெயலெட்சுமியே எழுந்தாள். சுவருக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மூலையில் மிஞ்சியிருந்த சுண்ணாம்பைக் கரைத்து முகத்தின்மேல் ஒரு இழுப்பு இழுத்தாள், பிறகு இன்னொன்று. வெள்ளைச் சேலையும் போனது. ஜன்னலும் கூடையும் மிஞ்சின.

"கூடை இருக்கட்டுங்களா?"

"இருக்கட்டும். கூடையில என்ன பாவம்?"

சுண்ணாம்பு காய்வதற்குள் ஓவர்சியரின் ஜீப் வந்து நின்றது. அது சாமியில்லை, எங்கள் வீட்டு மனுஷியின் படம், சீக்கிரம் அழித்துவிடுவோம் என்று ஸமீம் பள்ளிவாசல் வெட்கம் தாளாமல் கந்தோரில் போய்ச் சொல்லியிருந்தார். ஞாயிறென்றால் ரோட்டில் வண்டி குறைவு என்று ஓவர்சியர் அன்றைக்கே ஆட்களோடு கிளம்பிவிட்டார். வீரய்யா உள்ளே வந்து சுவரைப் பார்த்தான். அவன் முகம் தெளிந்தது.

"சாமி போயிருச்சு. நல்லதாப் போச்சு. எல்லாரும் மூட்டையத் தூக்கிக்கிட்டு வெளிய வாங்க."

ஆண்களின் குரல் கேட்டதும் ஸவாஹிராவின் கை தானாக முக்காட்டுக்குப் போனது. கால் தானாக எழுந்தது. பழக்கம் அப்படி. அவள் வீட்டுக்குப் போக ஜெயலெட்சுமி ஒதுங்கி வழிவிட்டாள். ஸவாஹிரா போனாலும் குறை சொல்ல ஜெயலெட்சுமிக்கு ஒன்றுமில்லை. கடை வாசலில் ஸமீம் நிற்பது தெரிந்தது. மாடியில் ரஹ்மத்தும்மாவின் கை வா வா என்று ஆடியது.

ஸவாஹிரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"வீரய்யா," என்றாள். ரோட்டில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. "படத்துல இருந்தப்ப பயந்து கடப்பாரையக் கீழ வச்சீங்க. அது சாமி இல்ல, நான்தான். இப்ப ஆளே ஒக்காந்திருக்கேன். படத்துக்கு இருந்த மரியாத ஆளுக்கு இல்லையா?"

வீரய்யா விழித்தான். அவனுடைய ஆட்களில் ஒருவன் சிரித்தே விட்டான். மாரியாயி வந்து ஸவாஹிராவின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக, கொழுந்து மலையில் நிரைக்கு நிற்பதுபோல, தன் தன் படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தார்கள். வெளியே தர்மலிங்கம் வந்து நின்றார், ரொட்டிக் கடைக்காரர் வந்து நின்றார். கடைசியில் ஸமீமும் ரோட்டைத் தாண்டி வந்தார். மதினியை எழுப்பிக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் வந்து, வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மதினி, இவங்களுக்குத் தேத்தண்ணி அனுப்பவா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு கடப்பாரையை யார் தூக்குவது? வீரய்யா படியில் குந்திவிட்டான். இன்றைக்கும் அந்த ரோடு அந்த இடத்தில் கொஞ்சம் நெளிந்துதான் போகிறது. இஞ்சினியர் துரை வந்து பார்த்துவிட்டுக் கோட்டை மாற்றிப் போட்டது அதற்கடுத்த மாதம் நடந்தது.

ஆனால் அன்று ஓவர்சியர் விடுவதாக இல்லை. இந்த அம்மா யார், தோட்டத்து ஆளுமில்லை, பஸ்ஸுக்கு நிற்கிறவருமில்லை, இவருக்கு இந்த மடத்தில் என்ன வேலை என்று சிங்களத்தில் அதட்டினார். ஸவாஹிராவுக்குச் சிங்களம் விளங்கும். ஆனாலும் வீரய்யா தமிழில் சொல்லும்வரை காத்திருந்தாள்.

"நீங்க யாருன்னு கேக்குறாருங்க. இங்க இருக்கிறவங்களுக்கு என்ன ஒறவுன்னு கேக்குறாரு."

ஷுக்ரி முதலாளி பெண்சாதி என்று சொல்லலாம். எதிர்க்கடை என்று சொல்லலாம். ஸவாஹிரா ஜெயலெட்சுமியின் முழங்கையைப் பிடித்தாள். தேயிலைக் கறை ஏறிக் காய்த்துப்போன அந்தக் கையை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

"இவட கூட்டாளின்னு சொல்லு" என்றாள்.

இத்தனை வருஷம் முதலாளியம்மா என்றே கூப்பிட்டுப் பழகிய சிநேகிதி ஜெயலெட்சுமி முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. ஸவாஹிரா கையை விடாமல், மற்றக் கையால் ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.